பக்கத்தில் இருந்தும் பயம் ஏன் போகவில்லை?

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் மனதுக்குள் ஏன் பயம் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

போரைக் கண்டவர்களின் பயம் மடமை அல்ல. ஆனால் பக்கத்தில் இருப்பதால் மட்டும் அது கரையாது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைச் சொல்லிவிட்டார்: சமமாக நின்று, ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைத்து, அதற்கு அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் இருக்கும்போதுதான் ஒருவரோடு ஒருவர் பழகுவது வெறுப்பைக் குறைக்கும். சந்தையில் காசைக் கொடுத்து மீனை வாங்கிக்கொண்டு திரும்புவது அந்தக் கணக்கில் சேராது.

கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கயிற்றின் ஒரு நுனி கரையில் இருக்க, தோணி கடலுக்குள் வளைந்து போய் மறு நுனியைக் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஒத்து இழுக்க வேண்டும். வலை கிட்ட வர வர இரண்டு அணியும் நெருங்கும். அந்த நேரம் பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர் என்று யார் பார்க்கிறார்கள்? (வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கூலிக்காரரும் அங்கே சமமில்லை என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.)

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பயம் போன பிறகு கதைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 2009இல் பாலம் திறந்த பிறகு, முஸ்லிம்கள் அதிகம் வாழும் பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் போய்வருவது லேசு. கூட வேலை செய்பவர் அங்கே கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டுக்கும் கூப்பிடுங்கள்.