பச்சை வாசனை போகவே மாட்டேன் என்கிறதா?

சமைக்கத் தொடங்கி ஓரிரு மாதமே ஆனவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மசாலா சேர்த்து, காய் போட்டு இறக்கும் எளிய குழம்பைப் பற்றியே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: செய்முறையில் உள்ளபடிதான் செய்கிறேன். ஆனாலும் வெங்காயம் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கிறது. மசாலாவின் பச்சை வாசனையும் போவதில்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

பதில்: 'வெங்காயத்தைப் பொன்னிறமாக 5 நிமிடம் வதக்கவும்' என்று உங்கள் செய்முறையில் இருந்திருக்கும். அந்த 5 நிமிடத்தை நம்பியதுதான் தப்பு. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றாதவரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அது வேகுமே தவிரச் சிவக்காது. வற்றிய பிறகுதான் நிறம் மாறும், வாசனை வரும். 2 நடுத்தர வெங்காயத்துக்கு மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் ஆகும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே இருக்கும்.

மூன்று பேருக்கான அளவு இது. வெங்காயம் 200 கிராம், தக்காளி 200 கிராம், உருளைக்கிழங்கு 200 கிராம், பச்சைப் பட்டாணி 100 கிராம், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், கரம் மசாலா அரை டீஸ்பூன். உப்பு முதலில் 1 டீஸ்பூன் போதும். டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. வீட்டில் சாப்பிடும் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. அளவுக் கரண்டி ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, கட்டை விரல் நுனி அளவுக்கு நறுக்கி, உப்புத் தண்ணீரில் 8 நிமிடம் தனியாக வேகவைத்து வடித்துவிடுங்கள். ஏன் தனியாக என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. அடிகனமான, அகலமான வாணலியில் எண்ணெயைக் காயவிட்டுச் சீரகம் போடுங்கள். அது பொரிந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் உப்பில் பாதியையும் சேருங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுப்பதால் அது சீக்கிரம் குழையும். முதல் சில நிமிடம் ஆவி எழுந்துகொண்டே இருக்கும், நிறம் ஒன்றும் மாறாது. பொறுமை இழந்து தக்காளியைப் போட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆவி அடங்கி, வெங்காயம் பாதியாகச் சுருங்கி, ஓரங்கள் சிவந்த பிறகு இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள். விழுது அடியில் ஒட்டினால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள்.

இனி பொடியாக நறுக்கிய தக்காளி. இரண்டு நிமிடம் மசித்துவிட்டு, தீயைக் குறைத்து, மஞ்சள், மிளகாய், மல்லித் தூள்களைச் சேருங்கள். இங்கிருந்து 8 முதல் 10 நிமிடம் சட்டியை விட்டு நகரக் கூடாது. தொடக்கத்தில் தண்ணீர் கொதிக்கும் சளசளப்பு கேட்கும். வற்ற வற்ற அது மெல்லப் பொரியும் சத்தமாக மாறும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்கும். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிந்து மினுங்கும். 'எண்ணெய் பிரிந்து வரும்வரை' என்பது இதைத்தான். எண்ணெயைப் பிடித்து வைத்திருந்த ஈரம் போனதால் அது வெளியே வருகிறது. பச்சை வாசனையும் அதோடு போய்விடும். (ஒரு டீஸ்பூன் எண்ணெயில் செய்துவிட்டு, எண்ணெய் பிரியவில்லையே என்று எழுதுகிறவர்களும் உண்டு. இல்லாத எண்ணெய் எங்கிருந்து பிரியும்? அப்படிச் செய்கிறவர்கள் கோட்டையும் சத்தத்தையும் மட்டும் கவனித்தால் போதும்.)

பிறகு உருளைக்கிழங்கு, பட்டாணி, மீதி உப்பு, 300 மில்லி கொதிக்கும் தண்ணீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி சூடேற நேரம் பிடிக்கும். மூடி வைத்துச் சிறு தீயில் 10 நிமிடம். இரண்டு மூன்று துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு தானாகவே கெட்டியாகும்; மாவு கரைத்து ஊற்ற வேண்டாம். கரம் மசாலாவை அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு தூவினால் போதும். அதன் வாசனை லேசில் ஆவியாகிவிடும்.

கேள்வி: தக்காளிக் குழம்பில் உருளைக்கிழங்கை அரை மணி நேரம் கொதிக்க வைத்தும் நடுவில் நறுக்கென்று இருக்கிறது. கிழங்கு பழையதா?

பதில்: கிழங்கு மேல் பழி போடாதீர்கள். காயின் திசுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் காய் குழையும். புளிப்பு அதைச் சீக்கிரம் கரைய விடாது. தக்காளி, புளி, தயிர், எலுமிச்சை எதில் போட்டாலும் கிழங்கு வேகத் தாமதமாகும். முக்கால் பதம் வெந்த பிறகு புளிப்பில் போடுங்கள். கொண்டைக்கடலை போன்ற பயறுகளுக்கும் இதே கதைதான். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவைத்த பிறகே தக்காளியோடு சேர்க்க வேண்டும். அரை வேக்காட்டில் போட்டுவிட்டு, 'குழம்பிலேயே வெந்துவிடும்' என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மசாலாத் தூளை எண்ணெயில் போட்டதும் நெடி ஏறி இருமல் வருகிறது. குழம்பும் கசக்கிறது. தூளைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சளின் நிறமும் மிளகாயின் நிறமும் காரமும் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். கடைசியில் ஊற்றினால் தூள் தூளாகவே நிற்கும். ஆனால் நன்கு காய்ந்த வெறும் எண்ணெயில் தூள் கருக 20, 30 விநாடி போதும். அதனால்தான் புதிதாகச் சமைக்கிறவர்களைத் தக்காளி குழைந்த பிறகு தூள் சேர்க்கச் சொல்கிறேன். அதன் ஈரம் தூளைக் கருகாமல் காக்கும். தக்காளி இல்லாத குழம்பென்றால் தூள்களை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் குழைத்து எண்ணெயில் போட்டு, தண்ணீர் வற்றும்வரை கிளறுங்கள்.

கசப்பு ஏறிவிட்டால் சர்க்கரை, தயிர் எதுவும் காப்பாற்றாது. கருகிய பூண்டின் கசப்பும் அப்படியே. அந்த மசாலாவைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். காய் போடுவதற்கு முன்பே கரண்டி நுனியால் தொட்டு ருசி பார்த்தால், மசாலா மட்டும்தான் வீணாகும்.

கேள்வி: உப்பு கூடிவிட்டால் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கிழங்கு உறிஞ்சுவது உப்பு கலந்த தண்ணீரைத்தான். உப்பை மட்டும் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது. மீதமுள்ள குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். ஒரே வழி, உப்பில்லாத பொருளைக் கூட்டுவது: வெந்த காய், வதக்கிய தக்காளி, கொஞ்சம் தண்ணீர். இன்னொன்று, குழம்பு வற்றும்போது தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஆகவே கடைசி உப்பை வற்றிய பிறகு போடுங்கள். காரம் கூடியிருந்தால் தண்ணீரைவிடத் தயிரோ பாலேடோ நல்லது. பாலில் உள்ள புரதம் காரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தயிர் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் திரிந்து போகிறது.

பதில்: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தயிரைக் கொதிக்கும் குழம்பில் ஒரேயடியாகக் கொட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 4 டேபிள்ஸ்பூன் தயிரை அரை மணி நேரம் வெளியே வைத்து, ஒரு டீஸ்பூன் கடலை மாவு சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் தயிரின் புரதம் ஒன்றோடொன்று கூடித் திரள்வதைத் தடுக்கும். அடுப்பை அணைத்து 2 நிமிடம் கழித்து, ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளறி, பிறகு சிறு தீயில் லேசாகக் கொதி வரும்வரை கை விடாமல் கிளற வேண்டும். கொழுப்பு நீக்கிய தயிர் இன்னும் எளிதில் திரியும். திரிந்த குழம்பைச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. தேங்காய்ப்பாலும் அதிகம் கொதித்தால் பிரியும்; கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்குங்கள்.

கேள்வி: நேரம் மிச்சமாகட்டும் என்று வெங்காயத்தைப் பச்சையாக அரைத்து வதக்கினேன். ஒரே கசப்பு!

பதில்: பச்சை வெங்காயத்தை அரைத்தால் கசப்பு ஏறுவது உண்டு. வதக்கி, ஆறிய பிறகு அரையுங்கள். சுடச்சுட மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், கை வெந்துவிடும். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்.

கேள்வி: ஆறு பேருக்குச் செய்ய எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் போதுமா?

பதில்: காய், வெங்காயம், தக்காளியை இரட்டிப்பாக்கலாம். தண்ணீரை ஒன்றரை மடங்கோடு நிறுத்துங்கள். சட்டியின் அகலம் அதேதானே, ஆவியாகும் வேகம் கூடாது. மிளகாய்த்தூளையும் உப்பையும் ஒன்றரை மடங்கில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். அதே வாணலியில் 400 கிராம் வெங்காயம் குவிந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஆவியில் வெந்துகொண்டிருக்கும். 25 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். இரண்டு வாணலியில் பிரித்து வதக்கிப் பிறகு ஒன்றாகச் சேர்ப்பதுதான் சுலபம்.

மிஞ்சிய குழம்பை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சட்டியோடு வைத்தால் உள்ளே ஆற நேரமாகும், ஆகவே ஆழமில்லாத பாத்திரத்தில் மாற்றி வையுங்கள். கிழங்கு தண்ணீரை இழுத்து மறுநாள் குழம்பு இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள்.