தகரப் பெட்டியில் இருந்த அத்தையின் கடிதம்

கேள்வி: எனக்கு 46 வயது. கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். 1974இல் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் இங்கே வந்தார்கள். நான் இங்கே பிறந்தவள். கல்யாணமாகியிருந்த அத்தை (அப்பாவின் அக்கா) அங்கேயே இருந்துவிட்டார். போன வருடம் அப்பா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பழைய பாஸ்போர்ட், ஒரு குரூப் போட்டோ, 1982இல் அத்தை போட்ட கடிதம். ‘ஒரு வரியாவது எழுது தம்பி’ என்று கேட்டிருக்கிறார். அப்பா பதில் போட்டாரா, தெரியாது. தேடிப் பார்க்கலாம் என்றால் அம்மா, “இத்தனை வருசம் கழிச்சுப் போனா எதுக்கு வந்தாங்கன்னு கேப்பாங்க” என்கிறார். தேடலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: தேடுங்கள். ஆனால் ஹட்டனில் தொடங்காதீர்கள், உங்கள் அடுப்படியில் தொடங்குங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. ஆளுக்கு ஓர் எண், பேர், தகப்பன் பேர், வயது, ஊர் எல்லாம் அதில் இருக்கும். கங்காணி (ஆள் சேர்த்த மேஸ்திரி) கூட்டிக்கொண்டு போன இலங்கைக்கு அப்படி ஆளுக்கு ஆள் எழுதிவைத்த பட்டியல் கிடையாது. உங்களுக்கு இருக்கும் ஆவணக் காப்பகம் அம்மாதான். “அத்தை எங்கே?” என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், மேல் லயமா (தொழிலாளர் வரிசை வீடு) கீழ் லயமா, பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) யார், தாத்தாவுக்குப் பட்டப்பேர் என்ன என்று கேளுங்கள். தோட்டத்துக்குக் காகிதத்தில் ஓர் இங்கிலீஷ் பேர் இருக்கும், ஜனங்கள் வாயில் வேறு தமிழ்ப் பேர் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்கள் பேரும் அப்படித்தான். இங்கே லட்சுமி என்றால் அங்கே பதிவில் லெட்சுமி.

அம்மாவின் தயக்கத்துக்குப் பின்னால் ‘யார் யாரை விட்டுவிட்டுப் போனது’ என்ற பழைய கணக்கு இருக்கலாம். இது என் ஊகம்தான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் பேசியது தலைக்கணக்கு. குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கல்யாணமான அக்கா புருஷன் வீட்டுக் குடியுரிமை விண்ணப்பத்தில் இருந்திருப்பார், தம்பி தன் குடும்பத்தோடு வேறு விண்ணப்பத்தில். ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது பெரும்பாலும் இப்படித்தான். கையில் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, யுத்தத்தால் கப்பல் நின்றுபோய், போக வழியில்லாமல் அங்கேயே தங்கியவர்களும் உண்டு. 2003இல் வந்த சட்டம்தான் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுத்தது. அத்தை வர மாட்டேன் என்றாரா, அவரால் வர முடியவில்லையா என்று இங்கே உட்கார்ந்து யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் ஊர்ப் பெரியவர்கள். நீலகிரியில் உங்களைப் போல வந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தோட்டத்துக்காரர் யாராவது கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருப்பார், அவர் பேரனிடம் ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் நம்பரும் இருக்கும். அது கிடைக்காவிட்டால்தான் கடிதம். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் நிறைய. தபால் தோட்டத்து ஆபீசுக்குப் போய் அங்கேயே கிடக்கவும் செய்யும். அதனால் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கோ, தொழிற்சங்கத் தலைவருக்கோ எழுதுங்கள். தோட்டத்தில் ‘தலைவர்’ என்றாலே சங்கத் தலைவர்தான். ஆபீஸ் பழைய பதிவேடுகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகள் கைக்குப் போனது. இத்தனை கை மாறியதில் எந்தக் காகிதம் தங்கியதோ!

“அப்படி யாரும் இங்கே இல்லை” என்று பதில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். உங்கள் அத்தை கடிதம் 1982. மறு வருடமே தமிழர்களுக்கு எதிரான ஜூலைக் கலவரம். 1977 கலவரத்திலேயே மலையகத்திலிருந்து (தோட்டங்கள் உள்ள மலைப்பகுதி) பல குடும்பங்கள் வடக்கே வன்னியில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. “வன்னிக்குப் போனவர்கள் யார் யார்?” என்று கேட்டால் பதில் மாறலாம்.

எச்சிலைக் குப்பியில் அனுப்பிச் சொந்தம் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ சோதனை பற்றி யாராவது சொல்வார்கள். அங்கே உள்ளவர்களும் அதே கம்பெனியில் செய்திருந்தால்தான் பொருந்தும். அந்தக் காசை போன் பேசச் செலவழியுங்கள்.

ஆள் கிடைத்துவிட்டார்கள் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். நான் ஒருமுறை தூரத்துச் சித்தப்பா வீட்டுக்கு அப்படிப் போனேன். காபி வருவதற்குள் நிலப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்ற பேச்சு வந்துவிட்டது. அம்மா பயப்படுவதும் இதைத்தான். எனவே முதலில் அந்த குரூப் போட்டோவை மட்டும் அனுப்பி, “இதில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். கேட்கிறவர் சொத்துக்கு வரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடையாள அட்டை, பிறப்புச் சான்று எதையும் இப்போது கேட்க வேண்டாம்.

1982 கடிதத்தைப் பற்றி அவர்களே கேட்டால், “அப்பா பதில் போட்டிருப்பார், தபாலில் தொலைந்திருக்கும்” என்று சமாளிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது, அப்பா அதைக் கடைசிவரை பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார் என்பது. அதைச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

அத்தை இருந்தால் எண்பதை ஒட்டிய வயதாக இருக்கும். விசாக் கணக்கெல்லாம் பிறகு பார்க்கலாம். இன்று சாயங்காலம் அந்த போட்டோவை எடுத்து அம்மா மடியில் வையுங்கள். அதில் அத்தை யார் என்று அவர் விரல் வைத்துக் காட்டட்டும்.