எட்டு வயதில் தந்தையான மூதாதை

கேள்வி: பணம் கட்டி எங்கள் குடும்பத்தின் கொடிவழியைத் தயாரித்து வாங்கினேன். அது 30 தலைமுறைக்கு முன்பு வாழ்ந்த ஓர் அரசரிடம் போய் நிற்கிறது. மரபணுச் சோதனையும் செய்துகொண்டேன். பட்டியலைச் சட்டம் போட்டு மாட்ட நினைக்கிறேன், உறவினர்கள் சிரிக்கிறார்கள். 91 வயதாகும் என் பாட்டியோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், சுவர் உங்களுடையது. ஆனால் ஆணி அடிப்பதற்கு முன், நீங்கள் அனுப்பிய நகலின் பதினெட்டாம் வரியை ஒருமுறை படித்துவிடுங்கள். தந்தை பிறந்த ஆண்டு 1542 என்றும் மகன் பிறந்த ஆண்டு 1550 என்றும் அச்சாகியிருக்கிறது. எட்டு வயதில் தந்தையான இந்த மூதாதையைத் தாண்டித்தான் உங்கள் அரசரிடம் போக வேண்டியிருக்கிறது. ஒரே பெயர் கொண்ட இருவரை யாரோ குழப்பிக்கொண்டு எழுத, அடுத்தவர் சரிபாராமல் பெயர்த்தெழுத, மூன்றாமவர் கைக்கு வரும்போது அது ஆவணமாகிவிடுகிறது. தந்தையையும் மகனையும் இணைக்கும் ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்கு 95 பங்கு உறுதி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 30 கண்ணிகளும் அறுபடாமல் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 21தான்.

கண்ணிகள் எல்லாம் சரி என்றே கொள்வோம். பெற்றோர் 2 பேர், அவர்களைப் பெற்றவர்கள் 4 பேர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், பத்தாம் தலைமுறையில் மூதாதையருக்கு 1,024 இடங்களும் முப்பதாம் தலைமுறையில் 107 கோடிக்கும் மேற்பட்ட இடங்களும் வருகின்றன. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் அது ஏறத்தாழ 750 ஆண்டுக்கு முந்தைய காலம். அன்று உலகம் முழுவதையும் கூட்டினாலும் அத்தனை பேர் இல்லை. உறவுக்குள் உறவு மணம் முடித்து, ஒரே ஆள் பல இடங்களில் அமர்ந்திருக்கிறார் என்பதே இதன் பொருள். ஆகவே அந்த அரசருக்கு இன்றுவரை சந்ததி தழைத்திருக்குமானால், சிரிக்கிற உறவினர்களுக்கும், ஏன், எனக்குமேகூட அவர் பாட்டனாக இருக்கலாம். அரண்மனைத் தோட்டக்காரரும் அந்த இடங்களில் எங்கோ இருப்பார். அவரைத் தேடித் தர எவரும் கட்டணம் வாங்குவதில்லை.

மரபணுச் சோதனை பொய்யன்று. பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவை அது நன்றாகவே காட்டும். ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் என்ற மரபணுத் தொகுப்பு தந்தைக்குத் தந்தை என்ற ஒற்றைக் கோட்டையும், தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் மரபணுக்கள் தாய்க்குத் தாய் என்ற ஒற்றைக் கோட்டையும் மட்டுமே தொடர்கின்றன. பத்தாம் தலைமுறையின் 1,024 இடங்களில் அவை தொடுவது ஒவ்வொன்றைத்தான். எந்த வட்டாரத்து மரபு உங்களிடம் எத்தனை பங்கு என்று சோதனை சொல்லும் சதவீதக் கணக்கோ, இன்று வாழும் மக்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் செய்த மதிப்பீடு. மாதிரிகள் கூடும்போது அதுவும் மாறும்.

உங்கள் பட்டியலின் 30 பெயர்களும் ஆண்களின் பெயர்கள். அவர்களைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. உங்கள் பாட்டியும் இல்லை. தன் பெயர் இல்லாத தாளை அவர் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? கொடிவழி தேடுவோர் தம்மிலிருந்து தொடங்கி, சான்று கிடைத்த படியில் மட்டும் காலை வைத்துப் பின்னோக்கிப் போக வேண்டும். அரசரிலிருந்து இறங்கி வரக்கூடாது. உங்களுக்கு முதல் சான்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய புகைப்படங்களைப் பாட்டியின் கையில் கொடுத்து, அவருடைய தாயார் யார், அந்தத் தாயாரின் தாயார் யார் என்று இந்த வாரமே கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறம், ஓரமாக, சொன்ன தேதியோடு எழுதி வையுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபுறம் ஊறி முகங்களைக் கெடுத்துவிடும்.