இங்கிலாந்தில் மருத்துவர், ஆசிரியர் வேலைநிறுத்தங்களுக்கு மக்கள் ஆதரவு ஏன் ஏறி இறங்குகிறது?

முதல் காரணம் விலைவாசி. 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. மளிகைக் கடையில் திணறிய மக்களுக்கு, சம்பளம் போதவில்லை என்ற குரல் தங்கள் குரலாகவே கேட்டது. 2023 மார்ச்சில் இளநிலை மருத்துவர்கள் வெளிநடப்பு செய்தபோது, புதிதாகச் சேரும் மருத்துவருக்கு மணிக்கு 14.09 பவுண்டுதான் என்று அவர்களின் சங்கம் விளம்பரம் செய்தது. காப்பிக் கடை ஊழியருக்கு அதைவிட ஒரு பென்னி அதிகம் கிடைக்கலாம் என்ற ஒப்பீடு மனதில் தைத்தது. 35 சதவீத உயர்வு கேட்டும் அப்போது பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

ஆசிரியர்கள் நிலை சற்றுக் கடினம். பள்ளி மூடினால் பெற்றோர் அன்றே வேலைக்கு லீவு போட வேண்டும். ஆனாலும் 2023 ஜூலையில் 6.5 சதவீத உயர்வோடு அந்தப் போராட்டம் முடிந்தது.

இளநிலை மருத்துவர்கள் 2024 செப்டம்பரில் இரண்டாண்டுக்குச் சேர்த்து சுமார் 22 சதவீத சம்பள உயர்வு பெற்றார்கள். 2025 ஜூலையில் மறுபடி வேலைநிறுத்தம் செய்தபோது ஆதரவாளர்களைவிட எதிர்ப்பவர்களே அதிகம். "இப்போதுதானே கொடுத்தார்கள்?" என்பதே பொதுவான கேள்வி. விலைவாசி உயர்வால் 2008-லிருந்து சம்பளம் இழந்த மதிப்பு முழுதாகத் திரும்பவில்லை என்பது சங்கத்தின் கணக்கு. எந்தப் பணவீக்க அளவீட்டை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். என் பார்வையில் அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவரிடம் 2008-ஐப் பற்றிப் பேசி ஆதரவு கேட்பது கடினம்.