காசிஸ் வாசனை வராதவருக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் பிரான்சில் லியோன் நகரத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஆபீஸில் எல்லோரையும் ஒயின் சுவைக்க ஒரு கடைக்கு அழைத்துப்போனார்கள். இரண்டு சிவப்பு ஒயின் ஊற்றினார்கள், ஒன்று போர்தோ வட்டாரத்தது, இன்னொன்று பர்கண்டி வட்டாரத்தது. கூட இருந்தவர்கள் முகர்ந்துவிட்டு காசிஸ், தேவதாரு மரம், மழை பெய்த காட்டு மண் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். எனக்கு ஒன்று துவர்த்தது, இன்னொன்று புளித்தது, அவ்வளவுதான். காசிஸ் (பிளாக்கரண்ட்) என்கிற அந்தச் சின்னக் கறுப்புப் பழத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என்னைக் கேட்டபோது "நன்றாக இருக்கிறது" என்று மழுப்பிவிட்டேன். நிஜமாகவே இவர்களுக்கு அதெல்லாம் தெரிகிறதா, இல்லை பாவனையா? கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? பெரிய பட்ஜெட் கிடையாது. நம் ஊர்ச் சாப்பாட்டோடு இது ஒத்துப்போகுமா? இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அது உண்மையா? கடைசியாக ஒன்று, மேலாளர் எனக்கு ஒரு சேன்-எஸ்தேஃப் 2016 (போர்தோ ஒயின்) பாட்டில் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அதை இப்போதே திறக்கலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

துவர்ப்பு, புளிப்பு என்று இரண்டு சொன்னீர்களே, அன்றைக்கு அந்த மேசையில் பேசப்பட்டதில் நான் முதலில் நம்புவது அந்த இரண்டையும்தான். துவர்த்தது போர்தோவாக இருக்கும், புளித்தது பர்கண்டி. போர்தோவில், அதிலும் ஜிரோந்த் ஆற்றின் இடது கரையில், கேபர்னே சோவின்யோன்தான் முக்கியத் திராட்சை. சின்னச் சின்னப் பழம், தடித்த தோல், அதனால் துவர்ப்பைத் தரும் டானின் அதிகம். டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்கும் ஈறும் உலர்ந்து இழுத்துக்கொள்ளும், பால் விடாத கடுந்தேநீர் குடித்த மாதிரி. பர்கண்டியில் சிவப்பு என்றால் ஏறக்குறைய முழுக்கவே பினோ நுவார். அதற்குத் தோல் மெல்லிசு, ஊரும் குளிர், எனவே டானின் குறைவு, புளிப்பு தூக்கலாகத் தெரியும். ஆக பிரான்சின் மிகப் பிரபலமான இரண்டு சிவப்புகளுக்கும் நடுவே உள்ள அடிப்படை வித்தியாசத்தை யாரும் சொல்லித்தராமல் நீங்களே வாயால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதைச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், மழுப்பியதுதான் அநியாயம்.

இனி அந்த வாசனைப் பட்டியல். அதில் பாதி நிஜம், பாதி பழக்கம் என்பது என் கணக்கு. நிஜமான பாதிக்கு வேதியியல் ஆதாரம் இருக்கிறது. புது ஓக் பீப்பாயில், போர்தோவில் அது 225 லிட்டர் பிடிக்கும், மாதக்கணக்கில் கிடக்கிற ஒயினில் வனிலா வாசனை வருகிறதென்றால் அந்த மரத்திலேயே வனிலின் இருக்கிறது. சரியாகப் பழுக்காத கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாசனை வரும், அதற்குக் காரணமான பொருள் குடைமிளகாயிலும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சிரா திராட்சை. அதில் மிளகு வாசனை வருகிறது என்று ரோன் பள்ளத்தாக்குக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரோட்டண்டோன் என்கிற பொருள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், நம் வீட்டு மிளகில் இருப்பதும் அதேதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தட்டுப்படும். ஆனால் அதே ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது எவ்வளவு கலந்தாலும் தெரியவே இல்லை. உங்கள் ஆபீஸில் பெரிய ரசிகர் என்று பெயரெடுத்தவர் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம், பாவம், அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

பழக்கமான பாதி எதுவென்றால், காசிஸ், செர்ரி, காட்டுப் பழம் என்று வரிசையாக வருபவை. ஒரு பிரெஞ்சுக் குழந்தை காசிஸ் ஜாம் தின்று வளர்கிறது, அந்த வாசனையின் பெயர் அதற்கு ஐந்து வயதிலேயே கைவசம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது நாவல், இலந்தை, புளியம்பழம், நன்னாரி. சிவப்பு ஒயினில் நாவற்பழம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது எந்த விதத்திலும் காசிஸைவிடக் குறைந்த வர்ணனை இல்லை. அடுத்த முறை அப்படியே சொல்லுங்கள், "அது என்ன பழம்?" என்று அவர்கள் கேட்கட்டும்.

பாவனையா என்று கேட்டதற்கு ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும், ஒயினைக் கிண்டல் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் எடுத்து வீசுவார்கள். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் வாசனையற்ற சிவப்பு நிறம் கலந்ததையும் கொடுத்தார்கள். நிறம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். 2001இல் இந்த ஆய்வு வெளியானது, அன்றிலிருந்து "பார்த்தாயா, எல்லாம் ஏமாற்று" என்று ஒரே கூச்சல். என் புரிதல் வேறு. அங்கே மாணவர்களிடம் கேட்டது வாசனைக்குப் பெயர் வைக்கச் சொல்லி, பெயர் வைக்கும்போது கண்தான் மூக்கை இழுத்துக்கொண்டு போகிறது. வாய்க்குள் நடப்பதை அது தொடவில்லை. டானின் இருக்கிறதா இல்லையா என்பதை நிறம் போட்டு ஏமாற்றுவது இவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர் பழப் பட்டியலைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும், முதலில் வாய்.

சரி, வாயால் எப்படி? கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற விடாதீர்கள். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள், வயது ஏற ஏற ஊதா போய் செங்கல் நிறம் வரும். முகர்ந்து, சுழற்றி, மறுபடி முகருங்கள். ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து வாய் முழுக்கப் புரட்டுங்கள், சத்தம் வரும், பரவாயில்லை, எல்லோருக்கும் வரும். வாசனையில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறித்தான் நமக்குத் தெரிகிறது, காற்றை இழுப்பது அதற்காகத்தான். அப்புறம் மூன்றே கேள்வி. நாக்கின் ஓரத்தில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது, அது புளிப்பு. ஈறு எவ்வளவு உலர்கிறது, அது டானின். துப்பிய பிறகும் ருசி எத்தனை வினாடி நிற்கிறது? இதை எண்ணுவதற்கு பிரெஞ்சுக்காரர்கள் ஓர் அலகே வைத்திருக்கிறார்கள், ஒரு வினாடி ஒரு கொதாலி. சாதாரண ஒயின் நாலைந்தில் முடிந்துவிடும், நல்லது பத்தைத் தாண்டும். விலையைப் பார்க்காமல் தரத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஓரளவு நேர்மையான அளவுகோல் இது ஒன்றுதான்.

துப்புவது என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சுவைக்கிற மேசையில் அதற்கென்றே பாத்திரம் இருக்கும், தொழில்முறையில் சுவைக்கிறவர்கள் அத்தனை பேரும் துப்புவார்கள். நாலாவது கிளாஸை விழுங்கியவர் சொல்கிற வர்ணனைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

எங்கே தொடங்குவது என்றால், போர்தோவிலும் பர்கண்டியிலும் வேண்டாம் என்பேன். போர்தோவின் பெயர்களில் பாதி ருசி பழைய விலைப்பட்டியலிலிருந்து வருகிறது. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டபடி அங்கிருந்த தரகர்கள் ஒரு வரிசை போட்டார்கள், பெரும்பாலும் எந்தச் சாத்தோவின் (ஒயின் தோட்டத்தின்) ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து. லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் நான்கும் முதல் வரிசை. அந்த முதல் வரிசையில் இன்றுவரை நடந்த ஒரே மாற்றம் 1973இல் மூத்தோன் ரோத்சீல்த் இரண்டாம் வரிசையிலிருந்து மேலே ஏறியது. நூற்றெழுபது வருடத்தில் தோட்டங்கள் கைமாறின, நிலங்கள் சேர்ந்தன, பிரிந்தன, பட்டியல் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அந்த ஒயின்கள் மோசம் என்று சொல்லவில்லை, அபாரமானவை, ஆனால் ஒரு பாட்டிலுக்கு உங்கள் மாத வாடகையைக் கேட்பார்கள்.

பர்கண்டி வேறு வகைச் சிக்கல். அங்கே மரியாதை நிலத்துக்கு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர், அதற்கு கிளிமா என்று சொல்வார்கள், 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. சிஸ்தேர்சிய மடத்துத் துறவிகள் கல்மதில் கட்டி வளர்த்த குளோ த வூஜோ என்கிற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அது மடத்தின் கையைவிட்டுப் போனது, அப்புறம் விற்பனையும் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு என்கிற சொத்துச் சட்டமும் சேர்ந்து அதைக் கூறு போட்டன, இன்றைக்கு அந்த ஒரே மதிலுக்குள் ஏறக்குறைய 80 உடைமையாளர்கள். எண்பது பேரும் அதே பெயரைத்தான் லேபிளில் போடுகிறார்கள். மேட்டில் இருக்கிறவருக்கு நீர் வடிகிறது, சாலையோரத்தில் இருக்கிறவருக்குத் தேங்குகிறது, ஒருவர் கவனமாகச் செய்கிறார், இன்னொருவர் பெயரை நம்பி இருக்கிறார். ஆகவே பர்கண்டியில் ஊர்ப் பெயரை மட்டும் படித்து வாங்கினால் ஏமாறுவீர்கள், தயாரிப்பாளர் பெயர் தெரிய வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகும்.

நீங்கள் இருப்பது லியோனில். ரோன், சோன், மூன்றாவதாக போஜொலே ஒயின் என்று அந்த ஊருக்கு மூன்று ஆறு ஓடுவதாக ஊர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். வடக்கே கொஞ்சம் போனால் போஜொலே, காமே திராட்சை. நவம்பர் மூன்றாவது வியாழனன்று விற்பனைக்கு வருகிற புது போஜொலேயைக் குடித்துவிட்டு அந்த வட்டாரத்தையே ஒதுக்கியவர்கள் நிறையப் பேர், நீங்கள் அதில் சேர வேண்டாம். தனிப் பெயர் பெற்ற பத்து ஊர்கள் இருக்கின்றன, மொர்கோன், ஃப்ளெரி, மூலான்-ஆ-வான் என்று. கருங்கல் நிலம், நல்ல வருடத்து மூலான்-ஆ-வான் பத்து வருடம்கூட நிற்கும். பர்கண்டிப் பிரபு துணிச்சல்கார ஃபிலிப் 1395இல் காமேயைத் துரோகச் செடி என்று திட்டி, பிடுங்கிப்போடச் சொல்லி ஆணை போட்டார். அந்தக் கெட்ட பெயரின் மிச்சத்தால்தான் இன்றும் அது மலிவாகக் கிடைக்கிறது என்பது என் சந்தேகம், நமக்கு லாபம்.

தெற்கே போனால் காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஆம்புய், கோத்-ரோத்தியின் செங்குத்தான சரிவுகள், அங்கிருந்து வடக்கு ரோன் பகுதியில் சிவப்பு என்றால் சிராதான். கோத்-ரோத்தி, எர்மித்தாஜ் இரண்டும் விலை அதிகம். ஆனால் சேன்-ஜோசெஃப், குரோஸ்-எர்மித்தாஜ் அதே திராட்சையில் 20 யூரோவுக்கு முன்பின் கிடைக்கும். ஒரு ஃப்ளெரி, ஒரு சேன்-ஜோசெஃப் வாங்கி, நாலு நண்பர்களைக் கூப்பிட்டு, செலவைப் பகிர்ந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுங்கள். ஒரு ஒயினைத் தனியாகக் குடித்து எதையும் கற்க முடியாது, இரண்டாவது கிளாஸ் இருந்தால்தான் முதலாவதைப் பற்றிப் பேச ஏதாவது கிடைக்கும். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதே ஃப்ளெரி, வேறு வருடம், அல்லது அதே வருடம், பக்கத்து ஊர் மொர்கோன். மிளகு வாசனை வந்தால் எனக்கு எழுதுங்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற விதியை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஹீட்டர் இல்லாத காலத்துக் கல் வீட்டு அறை அது. போர்தோவுக்கு 16 முதல் 18 டிகிரி, போஜொலேக்கு 13 போதும். லியோன் கோடையில் உங்கள் வீடு 28ஐத் தாண்டியிருக்கும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், யார் சிரித்தாலும்.

சாப்பாடு. மிளகாய்க் காரமும் டானினும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயினும் கசக்கும். மீன் குழம்போடு சிவப்பு குடித்தால் வாயில் மீன் வாடை தங்கிவிடுகிறது, ஒயினில் உள்ள இரும்புதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ரசம், புளிக்குழம்பு பக்கத்தில் எந்த ஒயினும் சப்பென்று ஆகிவிடும், உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மறைத்துவிடுகிறது. காரம் குறைத்து மிளகு தூக்கலாக வைத்த ஆட்டுக்கறி வறுவல், அதோடு சேன்-ஜோசெஃப், இது நன்றாகப் போகும். கொழுப்பும் புரதமும் டானினை அடக்கிவிடும். கோழிக்கு, லேசான காரத்துக்கு, குளிரவைத்த போஜொலே. மற்றபடி நம் சாப்பாட்டுக்குத் தண்ணீர்தான் நல்லது, வலுக்கட்டாயமாக ஜோடி சேர்க்க வேண்டியதில்லை.

இதயத்துக்கு நல்லதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு தின்றும் இதய நோய் குறைவு, சிவப்பு ஒயின்தான் காரணமோ என்று 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் "பிரெஞ்சு முரண்" பற்றி ஒரு நிகழ்ச்சி வந்து, அங்கே சிவப்பு ஒயின் விற்பனை கிடுகிடுவென்று ஏறியது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் மதுவில் எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிக்கலாம், மருந்தாக நினைத்துக் குடிக்காதீர்கள்.

உங்கள் சேன்-எஸ்தேஃப். 2016 போர்தோவில் மிக நல்ல வருடம், சேன்-எஸ்தேஃப் களிமண் கலந்த நிலம், டானின் முறுக்காகத்தான் இருக்கும். 12 அல்லது 13 டிகிரியில் நிலையாக இருக்கும் நிலவறையில் படுக்கவைத்தால் இன்னும் பல வருடம் தாங்கும். உங்கள் அடுக்குமாடியில் அது கிடையாது என்று நினைக்கிறேன், சமையலறை அலமாரியில் இரண்டு கோடை போனால் ஒயின் வெந்துவிடும். மேலாளர் வீட்டில் நிலவறை இருந்தால் அங்கேயே கொடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக நினைக்கமாட்டார். இல்லையென்றால் வருகிற குளிர்காலத்தில், ஆட்டுக்கறி செய்கிற ஒரு நாளில் திறந்துவிடுங்கள், சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். ஒயினை ஊற்றி வைக்கிற டிகேண்டர் குடுவை வாங்க வேண்டாம், வாசனை இல்லாத சுத்தமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தால் போதும், அடியில் வண்டல் தெரிந்தால் கடைசி ஒரு வாயை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.