வாசகர் கேள்வி பதில்: முன்னால் போய் நின்றும் பாவம் விடவில்லையே?

ஒவ்வொரு வருஷமும் கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரி மனந்திரும்ப அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் நிற்கிறேன். மூன்று வாரம் ஒழுங்காக இருக்கிறேன். அப்புறம் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் திரும்பிவிடுகிறது. நான் ரட்சிக்கப்படவே இல்லையா, ஐயா?
— வாசகர், நாசரேத்

தம்பி, மன்னிப்பு வேறு, பழக்கம் அறுபடுவது வேறு. மன்னிப்பு கேட்ட அன்றே கிடைக்கும். 1 யோவான் 1:9 அதற்குத் தவணை எதுவும் வைக்கவில்லை. பழக்கம் அறுபட நாளாகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு முறை விழும்போதும் ரட்சிப்பே போய்விட்டதாகத் தோன்றுகிறது.

கூட்டத்தில் "ஆண்டவரே, என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லியிருப்பீர்கள். மொத்தமாகச் சொன்னது மொத்தமாகவே மறந்தும் போகும். ஒரு வாரம் சின்ன நோட்டில் குறித்து வாருங்கள்: எத்தனை மணி, எந்த இடம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே கட்டில், யாரிடமோ கோபித்துக்கொண்டு படுத்த ராத்திரி என்று வரும். ரோமர் 6:13 அவயவங்களை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறதே, உங்கள் காரியத்தில் அது கண்ணும் கட்டைவிரலும். ராத்திரி 10 மணிக்குப் போனைப் பட்டாசாலையில் (கூடத்தில்) சார்ஜ் போட்டுவிட்டு, அறைக்கு வெறுங்கையோடு போங்கள்.

அடுத்தது, ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). உங்களைவிட மூத்த ஆண், வாய் அடக்கமுள்ளவர். உங்கள் பெயரைச் சொல்லி ஜெபக் குறிப்பு வாசிக்கிறவர் வேண்டாம். அது மறுநாளே தேரி தாண்டிப் போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் அவர் உங்களிடம் நேராகக் கேட்க வேண்டும், நீங்கள் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு வேலையும் வையுங்கள். மத்தேயு 12இல் பெருக்கி அலங்கரித்து வெறுமையாய்க் கிடந்த வீட்டுக்குத்தான் போன ஆவி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பியது.

விழுந்துவிட்டால் அதே ராத்திரி அறிக்கை செய்யுங்கள். "விழுந்தது விழுந்தாச்சு, அடுத்த கன்வென்ஷனில் பார்ப்போம்" என்று விட்டால் ஒரு நாள் தவறு பதினோரு மாதமாகிவிடும். ஆலயத்துக்கும் நேரத்தோடு போங்கள். இரண்டாம் மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பி, பாவ அறிக்கை முடிந்ததும் பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் நம் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) கொஞ்ச நஞ்சமல்ல.

கருப்பட்டி, மளிகை வியாபாரம். 6 வருஷம் தெரிந்தே கிலோவுக்கு 50 கிராம் குறையும்படி தராசை வைத்திருந்தேன். இப்போது சரிசெய்துவிட்டேன். "கர்த்தர் மன்னிச்சாச்சு, பழசை ஏன் கிளறுதீய?" என்கிறார் மைத்துனர்.
— வாசகர், சாத்தான்குளம்

கர்த்தர் மன்னித்தார், சரிதான். கருப்பட்டி இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது, அண்ணாச்சி?

லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்க் கொடுக்கிறேன் என்றது (லூக்கா 19) தானாக முன்வந்து சொன்னது. அதைப் பார்த்து மலைத்துப்போய்ச் சும்மா இருந்துவிட வேண்டாம். பற்று நோட்டை எடுங்கள். மாதம் 4 கிலோ வாங்கியவருக்கு மாதம் 200 கிராம் குறைத்திருக்கிறீர்கள். 72 மாதத்துக்கு 14 கிலோ 400 கிராம். ஐந்தில் ஒரு பங்கு 2 கிலோ 880. ஆக 17 கிலோ 280 கிராம், சரக்காகவோ இன்றைய விலைக்குப் பணமாகவோ. ஒரே மாதத்தில் முடியாவிட்டால் தவணை சொல்லிக் கொடுங்கள். வீட்டம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள், வீட்டுப் பணம்தானே போகிறது.

போய்ச் சொல்லும்போது "ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சிருங்க" என்று மழுப்பினால் காரியம் கெடும். "தராசு குறைவு, தெரிந்தேதான் வைத்தேன், உங்களுக்கு இவ்வளவு வரும்" என்று சொல்லுங்கள். சிலர் ஏசுவார்கள், ஏசட்டும். பேர் தெரியாமல் வாங்கிப்போனவர்களுக்கு உத்தேசமாகக் கணக்கிட்டு ஏழைகளுக்குக் கொடுங்கள். வாங்கிக்கொள்ள ஆளில்லாத தொகை கர்த்தருக்குரியது என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. அதை ஸ்தோத்திரக் காணிக்கையாகப் போட்டு, ஆலயத்தில் பேர் வாசிக்க விட்டுவிடாதீர்கள்! எலெக்ட்ரானிக் தராசு என்றால் வருஷா வருஷம் அரசு முத்திரை போடுங்கள்.

இதெல்லாம் மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. சகேயு வாயைத் திறக்குமுன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அழுது, அன்றோடு நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். பிசாசு, உபவாசம் போட வேண்டும் என்கிறார்கள்.
— வாசகி, திசையன்விளை

அம்மா, கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டோம். மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறோம். இது பிசாசு அல்ல. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு சாராயம் திடீரென நின்றால் இப்படித்தான் தத்தளிக்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டிப்போடாதீர்கள், பட்டினி போடாதீர்கள், தனியாக விடாதீர்கள். 108க்கு அழைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். ஜெபத்தை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பண்ணலாம்.

இனி குடிக்க மாட்டேன் என்று தீர்மானிக்கிற யாரும், தினசரி குடிக்கிறவராக இருந்தால், நிறுத்துமுன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு ஜாக்கிரதையாயிருக்க வேண்டியது சம்பள நாளும் கல்யாண வீடும்.

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவள் நான். வளர்ந்த பிறகு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் பாவக்கட்டு அறும் என்கிறார்களே?
— வாசகி, மெஞ்ஞானபுரம்

ஞானஸ்நானம் ஒரு தரம்தான் என்பது எங்கள் சபையின் நிலை. தண்ணீர் அளவு கூடினால் கட்டு அறும் என்றால், அப்போஸ்தலர் 8ஐ வாசித்துப் பாருங்கள். மாயவித்தைக்காரன் சீமோன் 13ஆம் வசனத்தில் ஞானஸ்நானம் பெறுகிறான். 23ஆம் வசனத்தில் பேதுரு அவனைப் பார்த்து, பாவக்கட்டில் அகப்பட்டிருக்கிறாய் என்கிறார்.