பெரிய திரையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

தம்பி, சிங்கப்பூரில் வேலை செய்வதற்கான அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து புறப்படுகிறீர்கள், வாரத்தில் சில நாள்கள் வீட்டிலிருந்தே நிரல் எழுத வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே வைத்திருக்கும் பெரிய கணினித் திரை, நாற்காலி, மெக்கானிக்கல் விசைப்பலகை ஆகியவற்றைக் கொண்டுவருவதா, இங்கே வாங்குவதா, நான் எவற்றைப் பயன்படுத்துகிறேன் என்றும் கேட்டிருந்தீர்கள். விசைப்பலகையை மட்டும் பெட்டியில் வையுங்கள். இரண்டு ஊரிலும் மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதால் சார்ஜர்கள் அப்படியே வேலை செய்யும்; செருகி மட்டும் தட்டையான மூன்று முனை கொண்டது. யூபிஎஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம், இங்கே மின்வெட்டு அபூர்வம்.

மேசைக்கு முன் அறையைப் பாருங்கள். முதல் சில ஆண்டுகள் நீங்கள் பெரும்பாலும் கழக வீடு (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) ஒன்றில் ஓர் அறையில்தான் இருப்பீர்கள். சமைக்கலாமா, உரிமையாளர் உடன் தங்குகிறாரா என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள்; ஆனால் பகல் முழுவதும் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா, அப்போது குளிர்சாதனத்தைப் போடலாமா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். இரவில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமையாளர்கள் நிறையப் பேர் உண்டு. மின்கட்டணம் அவர்கள் தலையில் விழுவதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாதம் சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும், கையெழுத்துப் போடுமுன் அதைப் பேசி முடித்து ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுங்கள். கழக வீட்டில் அறை வாடகைக்குக் குறைந்தபட்சக் காலமே 6 மாதம் என்பதால், இதில் பிசகினால் அரை ஆண்டு வியர்வையில் ஓடும்.

இணையம் இங்கே வேகமானதுதான். ஒரு கிகாபிட் இணைப்பு சாதாரணம். சிக்கல் சுவரில் இருக்கிறது. கண்ணாடியிழை இணைப்பும் ரௌட்டரும் பெரும்பாலும் கூடத்தில் இருக்கும். 1990களின் இறுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில், போர்க்காலப் புகலிடமாக இரும்புக் கதவும் தடித்த கான்கிரீட் சுவரும் கொண்ட ஒரு சிற்றறை உண்டு; உங்கள் அறைக்கும் ரௌட்டருக்கும் நடுவே அது வந்துவிட்டால் வைஃபை தடுமாறும். அறை பார்க்கப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு, மேசை போட நினைக்கும் மூலையிலேயே நின்று, கைப்பேசியில் ஒரு காணொளி அழைப்பு பேசிப் பாருங்கள். உரிமையாளர் அனுமதித்தால், கதவிடுக்கில் நுழையும் தட்டையான லேன் கம்பியை விட மலிவான தீர்வு இல்லை.

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய ஒரே பொருள் நாற்காலி. செயற்கைத் தோல் போர்த்திய நாற்காலியை மட்டும் வாங்காதீர்கள். ஆண்டு முழுவதும் குறையாத ஈரப்பதத்தில் அந்த மேலுறை உரிந்து, கறுப்புச் செதில்களாகச் சட்டையிலும் தரையிலும் ஒட்டும். வலைத்துணி முதுகு கொண்டதே இந்த வெப்பத்துக்கு ஏற்றது. அலுவலகங்கள் காலி செய்யும் நல்ல நாற்காலிகள் பழைய பொருள்களை விற்கும் கேரோசெல் செயலியில் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நான் உட்கார்ந்திருக்கும் ஏரான் என்ற விலையுயர்ந்த அலுவலக நாற்காலி அப்படி வந்ததுதான். திரைக்கு 27 அங்குலம் போதும். மேசை 120 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், ஏனெனில் அடுத்த அறையிலும் அது அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே அடங்க வேண்டும்.

விசைப்பலகை டக் டக்கென்று ஒலிக்கும் நீல ஸ்விட்ச் வகை என்றால், ஓசையற்ற ஸ்விட்ச்சுகளுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்த அறையில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த ஆண்டு வீடே மூச்சடக்கிக் கிடக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை என் கொள்கை ஒன்றே: என் பழக்கங்கள் மடிக்கணினியில் இருக்கக் கூடாது, கோப்புகளில் இருக்க வேண்டும். நியோவிம் (நிரல் எழுதும் தொகுப்பான்), டிமக்ஸ் (பல முனையச் சாளரங்களைக் கையாளும் கருவி), ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடைமுகம்) ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகளை, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன். புதுக் கணினி வந்தால் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலைக்குத் தயாராகிவிடும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கு நம்மவர்கள் பலர் வங்கிகளுக்காக வேலை செய்கிறார்கள். அங்கே கொடுக்கும் கணினியில் நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) நிறுவ விடமாட்டார்கள், பல நேரம் தொலைமேசைக்குள்தான், அதாவது வேறிடத்துக் கணினியின் திரையை இணையம் வழியே திறந்துதான், எழுத வேண்டியிருக்கும். விஎஸ் கோட் என்ற தொகுப்பானும் நல்ல கருவிதான், நானும் பிழைதிருத்த அதையே திறக்கிறேன். ஆனால் இருபது நீட்சிகள் இல்லாமல் கை ஓடாது என்ற நிலையில் வந்து சேராதீர்கள். அலுவலக நிரல் ஒரு வரிகூட உங்கள் சொந்தக் களஞ்சியத்துக்குள் போகக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஊரில் செய்துவந்த பகுதிநேர வேலைகளையும் முடித்துவிட்டு வாருங்கள். உங்கள் பாஸ் அதில் குறிப்பிட்டிருக்கும் முதலாளிக்காக வேலை செய்ய மட்டுமே.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் குழுவின் ஒரு பகுதி இருக்கும் சென்னையை விட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே மதியம் 12.30 ஆகிவிடும், ஆகவே காலை முழுவதும் யாரும் தொந்தரவு செய்யாமல் நிரல் எழுதலாம். அந்தக் காலையைக் கெடுக்கக்கூடியது மேல்வீட்டுப் புதுப்பிப்பு வேலை மட்டும்தான். சுவர் இடிப்பு போன்ற பேரோசை வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை அனுமதி உண்டு. மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டியிருந்தால் அந்த வாரம் மடிக்கணினியுடன் அருகிலுள்ள நூலகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே வாய் திறந்து பேச முடியாது என்பதால், சென்னைக் குழுவுடனான கூட்டங்களை இங்கே ஐந்தரைக்கு, அதாவது அவர்களுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு, வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; இரண்டு பக்கமும் மறுக்க மாட்டார்கள்.